கார் கண்ணாடியில் ஒட்டிய விலை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் புது காருக்குத் தட்டுப்பாடு. டீலர் சொன்னதே விலை. 1950களின் நடுவில் உற்பத்தி பெருகி நிலைமை தலைகீழானது. அப்போது விற்பனையாளர்கள் கையாண்ட உத்தி எளிமையானது: விலையைச் சில நூறு டாலர் ஏற்றிச் சொல்வது, பிறகு வாடிக்கையாளரின் பழைய காருக்கு அதே தொகையைத் தாராளமாகக் கூட்டிக் கொடுப்பது. வாங்கியவர் பேரம் படிந்த மகிழ்ச்சியோடு வீடு திரும்புவார்.

இதற்கு முடிவுகட்ட ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனி கொண்டுவந்த சட்டம் 1958இல் நிறைவேறியது. தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் சில்லறை விலை, கூடுதல் வசதி ஒவ்வொன்றின் விலை, டீலரிடம் கொண்டுசேர்க்கும் போக்குவரத்துக் கட்டணம் ஆகியவற்றை அச்சிட்ட தாள் ஒவ்வொரு புது காரின் கண்ணாடியிலும் ஒட்டப்பட்டது. வாங்குபவர் கைக்கு வண்டி போகும்முன் அதைக் கிழிப்பது குற்றம். ஆனால் அந்த விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பேரம் தொடர்ந்தது, தொடங்கும் புள்ளி மட்டும் எல்லோர் கண்ணிலும் பட்டது.

காரை வாங்காமல் மாதத் தவணையில் குத்தகைக்கு எடுப்பதில் மட்டும் இருட்டு நீடித்தது. 1976இன் நுகர்வோர் குத்தகைச் சட்டம் மாதத் தவணை முதலிய விவரங்களை எழுதித் தரச் சொன்னது. வட்டியோ இன்றும் 0.0025 போன்ற தசமமாகவே பேசப்படுகிறது. 2400ஆல் பெருக்கினால்தான் அது ஆண்டுக்கு 6 சதவீதம் என்று புரியும்.

ஜெனரல் மோட்டார்ஸ் 1990இல் சாட்டர்ன் கார்களைப் பேரமில்லா ஒரே விலைக்கு விற்கத் தொடங்கியது. அந்த பிராண்டு 2010இல் மூடப்பட்டது. 2021இல் சிப் தட்டுப்பாடு வந்தபோது, பல ஷோரூம்களில் மன்ரோனி தாளுக்குப் பக்கத்திலேயே ‘சந்தைச் சரிக்கட்டல்’ என்று ஆயிரக்கணக்கான டாலர் கூட்டிய இன்னொரு தாள் ஒட்டப்பட்டது.