பயோடெக் மாணவர்களே... எந்த எலெக்டிவ் எடுக்கலாம்? ‘ஈசி பேப்பர்’ தேடும் முன் இதைப் படிங்க!

செமஸ்டர் தொடங்கப் போகுது என்றாலே பயோடெக்னாலஜி மாணவர்களின் வாட்ஸ்அப் குரூப்களில் ஓடும் கேள்வி ஒன்றுதான்: “எந்த எலெக்டிவ் எடுக்கலாம்?” பெரும்பாலும் வரும் பதில், “அந்த பேப்பர் ஈசி, மார்க் வந்துடும்.” ஆனால் மேற்படிப்புக்கோ வேலைக்கோ போகும்போது, “நீங்க எதில் ஸ்பெஷலைஸ் பண்ணீங்க?” என்று கேட்பார்கள். அப்போது காட்டுவதற்கு இருப்பது இந்த நான்கைந்து எலெக்டிவ் பாடங்கள்தான். காட்பாடி, வேலூர் பகுதியை உதாரணமாக வைத்து, எதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பார்க்கலாம்.

எலெக்டிவ் என்றால் என்ன?

எல்லோரும் கட்டாயம் படிக்க வேண்டியவை கோர் பாடங்கள். மாணவரே தேர்ந்தெடுப்பவை எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடங்கள். இதில் இரண்டு வகை உண்டு. சொந்தத் துறைக்குள் எடுப்பது துறை எலெக்டிவ். மேனேஜ்மென்ட், கம்ப்யூட்டர் என வேறு துறையில் எடுப்பது ஓப்பன் எலெக்டிவ்.

வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு என்றால் ஒரு கிரெடிட், இரண்டு மணி நேர லேப் என்றால் ஒரு கிரெடிட் என்பது பொதுவான கணக்கு. பி.டெக் படிப்புக்கு ஏஐசிடிஇ 2018-ல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் மொத்தம் 160 கிரெடிட் கொண்டது.

யாருக்கு எவ்வளவு சாய்ஸ்?

காட்பாடியில் உள்ள விஐடி, 1984-ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2001-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. இங்கு ‘எஃப்எஃப்சிஎஸ்’ என்ற முறையில் பாடம், ஆசிரியர், வகுப்பு நேரம் மூன்றையும் மாணவரே தேர்ந்தெடுக்கிறார். சீட் நிரம்பிவிட்டால் அடுத்த சாய்ஸுக்குப் போக வேண்டும். அதனால் முன்கூட்டியே இரண்டு மூன்று மாற்றுப் பாடங்களை முடிவு செய்து வைத்திருப்பது நல்லது.

திருவள்ளுவர் பல்கலைக்கழகம் காட்பாடியை அடுத்த சேர்க்காட்டில் இருக்கிறது. அதைப் போன்ற பல்கலைக்கழகங்களின் இணைப்புக் கல்லூரிகளில் நிலைமை வேறு. பாடத்திட்டத்தில் பல எலெக்டிவ் இருந்தாலும், கல்லூரி எதை நடத்துகிறதோ அதைத்தான் படிக்க முடியும். ஆகவே துறைத் தலைவரிடம் முதலிலேயே, முடிந்தால் நண்பர்களோடு சேர்ந்து கேட்பது பலன் தரும்.

எந்த வழிக்கு எந்தப் பாடம்?

மருத்துவ ஆராய்ச்சி: இம்யூனாலஜி, ஸ்டெம் செல் பயாலஜி, ஜீன் தெரபி, கேன்சர் பயாலஜி. இதெல்லாம் வெளிநாட்டில்தான் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். வேலூர் சிஎம்சியில், ரத்தம் உறையாமல் போகும் ஹீமோபிலியா ஏ நோய்க்கு 5 பேரிடம் ஜீன் தெரபி பரிசோதிக்கப்பட்டு, அதன் முடிவுகள் 2024 டிசம்பரில் சர்வதேச மருத்துவ இதழில் வெளியாகின.

சுற்றுச்சூழல், என்சைம்: என்விரான்மென்டல் பயோடெக்னாலஜி, என்சைம் டெக்னாலஜி. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பகுதி மாணவர்களுக்கு இது வீட்டு வாசலில் இருக்கும் சப்ஜெக்ட். தோலில் உள்ள முடியை நீக்க சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கழிவுநீர்தான் பெரிய தலைவலி. பாலாற்றுப் பகுதி தோல் கழிவு தொடர்பான வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை 1996-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சல்பைடுக்குப் பதில் புரோட்டியேஸ் என்சைம் கொண்டு முடி நீக்கும் ஆய்வுகளைச் சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் செய்துவருகிறது.

மருந்து, தடுப்பூசி உற்பத்தி: பயோபிராசஸ் இன்ஜினியரிங், டவுன்ஸ்ட்ரீம் பிராசசிங், தரக் கட்டுப்பாடு, ரெகுலேட்டரி விதிமுறைகள். தொழிற்சாலை வேலையைக் குறிவைப்பவர்கள் இவற்றைத் தவிர்க்கக் கூடாது.

டேட்டா, கம்ப்யூட்டர்: பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ், பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ், ஜீனோமிக்ஸ். இதோடு பைத்தான் அல்லது ஆர் புரோகிராமிங்கை ஓப்பன் எலெக்டிவாக எடுத்தால் நல்ல காம்பினேஷன். தியரி மட்டும் படித்தால் பெரிதாக உதவாது.

கேட் எழுதுறவங்க கவனத்துக்கு

கேட் பயோடெக்னாலஜி தாளில் மொத்தம் 100 மதிப்பெண். பொதுத் திறனுக்கு 15, பொறியியல் கணிதத்துக்கு 13, பாடப் பகுதிக்கு 72. இதில் பயோபிராசஸ் பகுதியும் இருக்கிறது. கணக்கு வரும் என்று பயந்து அந்த எலெக்டிவைத் தவிர்ப்பவர்கள், பிறகு அதைத் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும். பி.எஸ்சி மாணவர்கள் ஐஐடிகளில் எம்.எஸ்சி சேர எழுதும் ‘ஜாம்’ பயோடெக்னாலஜி தாளிலும் உயிரியலோடு வேதியியல், கணிதம், இயற்பியல் கேள்விகள் வரும்.

விரும்பிய பாடம் கல்லூரியில் இல்லையா?

மத்திய அரசின் ஸ்வயம் தளம் இருக்கிறது. 2021 யுஜிசி விதிமுறையின்படி, ஒரு செமஸ்டரில் ஒரு படிப்புக்கான பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் மூலம் படிக்கப் பல்கலைக்கழகம் அனுமதிக்கலாம். ‘அனுமதிக்கலாம்’ என்பதுதான் முக்கியம். உங்கள் கல்லூரி அந்தப் பாடத்தை ஏற்குமா என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். ஸ்வயத்தில் உள்ள என்பிடெல் பாடங்களில் சேர கட்டணம் இல்லை, தேர்வுக்கு மட்டும் கட்டணம். அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண்.

பதிவு செய்யும் முன் இந்த 5 விஷயங்களைப் பாருங்க

1. இந்தப் பாடத்துக்கு முன்பே படித்திருக்க வேண்டிய பாடம் ஏதாவது உண்டா?
2. லேப் அல்லது புராஜெக்ட் இருக்கிறதா, வெறும் தியரியா?
3. பாடத்திட்டத்தின் யூனிட்களை முழுதாகப் படித்துப் பார்த்தீர்களா? பெயரை மட்டும் நம்ப வேண்டாம்.
4. இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு இது உதவுமா?
5. ஏற்கெனவே எடுத்த எலெக்டிவ்களோடு இது சேருமா?

கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். ஐந்து திசையில் ஐந்து பாடம் எடுப்பதைவிட, ஒரே வழியில் மூன்று பாடமும், தெரிந்துகொள்ளும் ஆர்வத்துக்காக ஒன்றும் எடுப்பது நல்லது. இன்னும் எந்த வழி என்று முடிவாகவில்லை என்றால், பயோஸ்டாட்டிஸ்டிக்ஸில் தொடங்கலாம். மருத்துவம், தொழிற்சாலை, சுற்றுச்சூழல் என எங்கு போனாலும் டேட்டாவைப் படித்துப் புரிந்துகொள்ளும் வேலை இருக்கும்.