லோயிஸ் & கிளார்க் (தொலைக்காட்சித் தொடர்)

‘லோயிஸ் & கிளார்க்: தி நியூ அட்வென்சர்ஸ் ஆஃப் சூப்பர்மேன்’ என்பது அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1993 செப்டம்பர் 12 முதல் 1997 ஜூன் 14 வரை நான்கு பருவங்களாக ஒளிபரப்பான தொடர். டிசி காமிக்ஸ் நிறுவனத்தின் சூப்பர்மேன் கதையைத் தழுவி டெபரா ஜாய் லெவீன் இதை உருவாக்கினார். கிளார்க் கென்ட்டாக டீன் கெயினும் லோயிஸ் லேனாகத் தெரி ஹாட்சரும் நடித்தனர். சூப்பர்ஹீரோ கதையைக் காதல் கதையாகவே சொல்லி வென்ற தொடர்களில் இதுவே முதன்மையானது.

முன்வரலாறு

ஜெரி சீகல் எழுதி ஜோ ஷூஸ்டர் வரைந்த சூப்பர்மேன், 1938 ஜூன் தேதியிட்ட ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் அறிமுகமானான். லோயிஸும் அதே இதழில் தோன்றினாள். அவளை வரைவதற்கு மாதிரியாக இருந்த ஜோவான் கார்ட்டர் 1948இல் சீகலை மணந்தார். கதையில் லோயிஸ் சூப்பர்மேனை விரும்பினாள். உடன் பணிபுரியும் கிளார்க்கைக் கோழை என்று இகழ்ந்தாள். இருவரும் ஒருவரே என்பது அவளுக்குத் தெரியாது. ஆக, இரண்டே பேருக்குள் ஒரு முக்கோணக் காதல் உருவானது.

1940இல் சீகல் எழுதிய ஒரு கதையில் கிளார்க் தன் ரகசியத்தை லோயிஸிடம் வெளிப்படுத்துகிறான். அது அச்சேறவில்லை. அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு அந்த ரகசியத்தைக் காப்பதே கதையின் உந்துவிசையாயிற்று. 1958 முதல் 1974 வரை லோயிஸின் பெயரிலேயே வெளிவந்த இதழில் அவள் உண்மையைத் துப்புத்துலக்குவதும் ஏமாறுவதும் ஓயாமல் நடந்தன. 1980இல் வந்த ‘சூப்பர்மேன் 2’ திரைப்படத்தில் உண்மையை அறியும் லோயிஸ், இறுதியில் ஒரு முத்தத்தால் அதை மறந்துவிடுகிறாள்.

1986இல் ஜான் பைர்ன் ‘தி மேன் ஆஃப் ஸ்டீல்’ என்ற காமிக்ஸ் தொடர் வழியாகப் பாத்திரத்தைத் திருத்தி அமைத்தார். அதுவரை சூப்பர்மேன் அணிந்த வேடமாகவே இருந்த கிளார்க், அப்போதுதான் கதையின் உண்மையான மனிதன் ஆனான். கிளார்க்கின் வளர்ப்புப் பெற்றோர் இருவரும் உயிரோடு இருக்கும்படியும் பைர்ன் மாற்றினார். தொலைக்காட்சித் தொடர் இவ்விரு மாற்றங்களின் மேல்தான் எழுப்பப்பட்டது.

கதையமைப்பு

லோயிஸின் பெயர் தலைப்பில் முன்னால் நிற்பது தற்செயல் அல்ல. ‘டெய்லி பிளானட்’ நாளிதழில் பெயர்பெற்ற நிருபரான அவளோடு, கான்சாஸ் மாநிலச் சிற்றூரிலிருந்து வரும் கிளார்க் சேர்ந்து செய்தி சேகரிக்கிறான். ஆசிரியர் அறையில் நடக்கும் வாக்குவாதமும் சீண்டலுமே தொடரின் உயிர். வில்லன்களும் சண்டைகளும் அதற்கு ஒரு சாக்கு. வானில் பறப்பவனை விடுத்து மேசைக்கு எதிரே இருப்பவனை அவள் நேசிக்கக் கற்றுக்கொள்வதே முதலிரு பருவங்களின் கதை. ஜான் ஷீ நடித்த வில்லன் லெக்ஸ் லூதர்கூட, முதல் பருவத்தில் லோயிஸை மணக்க முயலும் போட்டிக் காதலனாகவே வருகிறான்.

1995 மே மாதம் ஒளிபரப்பான இரண்டாம் பருவ இறுதிப் பகுதியில் கிளார்க் தன்னை மணக்குமாறு கேட்கிறான். தான் உண்மையைக் கண்டுபிடித்துவிட்டதை லோயிஸ் மூன்றாம் பருவத்தின் முதல் பகுதியில், அதற்குப் பதில் சொல்லும்போதுதான் காட்டிக்கொள்கிறாள். முந்தைய வடிவங்கள் பலவும் அவளை ஏமாளியாக்கிய இடத்தில், இத்தொடர் அவளுக்குரிய அறிவை அவளிடமே திருப்பித் தந்தது.

திருமணம்

காமிக்ஸில் 1990இலேயே இருவருக்கும் நிச்சயமாகியிருந்தது. தொலைக்காட்சித் தொடர் தயாராகி வந்ததால் அங்கே திருமணம் தள்ளிப்போடப்பட்டது; அந்த இடைவெளியை நிரப்ப உருவான கதையே 1992இல் பரபரப்பாக விற்ற ‘சூப்பர்மேனின் மரணம்’. 1996 பிப்ரவரியில் தொலைக்காட்சியில் நடந்த திருமணம் ஏமாற்றாக முடிந்தது: மணமேடையில் இருந்தது லோயிஸின் நகல். இதனால் ரசிகர்கள் சலிப்படைந்தனர். உண்மையான திருமணம் 1996 அக்டோபர் 6 அன்று ஒளிபரப்பானது. காமிக்ஸ் திருமணமும் அதே மாதம் வெளிவந்தது.

திருமணத்தால்தான் தொடர் சரிந்தது என்பது மேலோட்டமான கருத்து. சரிவுக்குக் காரணம், நகல், நினைவிழப்பு என்று திருமணத்தைக் காலந்தாழ்த்திய உத்திகளே. நான்காம் பருவத்தோடு தொடர் நிறுத்தப்பட்டதால், தம்பதியரின் வீட்டுக்கு வந்துசேர்ந்த குழந்தை யாருடையது என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

பிற்காலம்

2021 முதல் 2024 வரை ஒளிபரப்பான ‘சூப்பர்மேன் & லோயிஸ்’ தொடர் இவ்விணையைப் பெற்றோராகக் காட்டியது.