கைத்தொழிலும் கணக்கும் – ஒரு வரலாற்றுப் பார்வை



யூபிலி விழா என்றவுடன் ஆலயம் எழுந்த கதையையும், குருக்கள் ஆற்றிய பணியையும் நினைவு கூர்கிறோம். கல் அடுக்கிய கொத்தனாரையும், கதவு செய்த தச்சரையும், மணி தொங்கும் இரும்புச் சட்டத்தைக் கோத்த கொல்லரையும் எண்ணிப் பார்ப்பவர் சிலரே. சூசையப்பரும் தச்சர்தான். 1955-ஆம் ஆண்டு பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். ஆகவே தொழிலாளிக்குத் தொழிலோடு கணக்கும் கற்பிக்கப்பட்ட வரலாற்றை இம்மலரில் சிறிது காண்போம்.

கணக்கு நம் மண்ணுக்குப் புதிதன்று. பொன்னமராவதி அன்று புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் இருந்தது. 1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணையும் காலம்வரை நம் முன்னோர் அம்மன் காசைக் கண்டிருந்தனர். இருபது அம்மன் காசு ஓர் அணா. பதினாறு அணா ஒரு ரூபாய். ஆக, ரூபாயில் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு ஓர் அம்மன் காசு. திண்ணைப் பள்ளியின் எண்சுவடியில் அதே பங்குக்கு 'முந்திரி' என்று பெயர். சந்தைக்குக் கீரை விற்க வந்த பாட்டிக்கும் இந்தக் கணக்கு விரல் நுனியில் இருந்தது. முழக்கோல் பிடித்த தச்சரும் அளவைத் தம் தகப்பனாரிடமே கற்றார்.

பிறகு இயந்திரக் காலம் வந்தது. நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய இரயில்வேப் பட்டறை 1928-ல் திருச்சியை அடுத்த பொன்மலைக்கு மாறியது. அங்கே அங்குலத்தை எட்டு நூலாகப் பிரித்த கணக்கு மட்டும் போதவில்லை. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடப் பிசகாமல் கடைய வேண்டியிருந்தது. பரம்பரைத் தொழிலைக் கண்ணால் பார்த்தே பழகலாம். இயந்திரத் தொழிலில் வரைபடம் படிக்கவும் தசமம் போடவும் தெரியாதவர், எவ்வளவு கைத்திறன் உடையவராயினும், எடுபிடியாகவே நின்றுவிடுவார். அவர் செய்த வேலைக்கு எவ்வளவு கூலி என்பதையும் அடுத்தவரே சொல்ல வேண்டியிருக்கும்.

இந்த ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்தவர்களுள் ஒருவர் இத்தாலி நாட்டின் தூரின் நகரில் பணியாற்றிய புனித தொன் போஸ்கோ. கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி நகருக்கு வந்த கொத்து வேலைச் சிறுவர்களை அவர் 1841 முதல் ஒன்று சேர்த்தார். ஞாயிறு வகுப்பும் மாலை வகுப்பும் நடத்தி, எழுத்தோடு கணக்கும் சொல்லிக் கொடுத்தார். 1850 முதல் அந்நாட்டில் பழைய அளவைகள் நீங்கி மெட்ரிக் முறை கட்டாயமாகும் என்று அரசு அறிவித்திருந்தது. புதிய அளவை அறியாத ஏழைகள் கடையிலும் கூலியிலும் ஏமாறுவர் என்று கண்ட தொன் போஸ்கோ, 1849-ல் தசம அளவை முறையை எளிமையாக விளக்கி ஒரு சிறு புத்தகம் எழுதினார். போதாதென்று, அதையே உரையாடல் நாடகமாக்கித் தம் பிள்ளைகளைக் கொண்டு நடிக்கவும் செய்தார்!

அவரிடம் தொழில் பழகிய சிறுவர்களுக்காகப் பட்டறை முதலாளிகளோடு எழுத்து ஒப்பந்தமும் செய்துகொண்டார். 1851, 1852-ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் இன்றும் உள்ளன. பையனுக்குத் தொழிலை முறையாகக் கற்பிக்க வேண்டும்; தொழிலுக்குப் புறம்பான வேலை வாங்கக்கூடாது; தவறு செய்தால் வாய்ச்சொல்லால் திருத்த வேண்டுமேயன்றி அடிக்கக்கூடாது; திருநாட்களில் ஓய்வு தரவேண்டும் என்பவை அவற்றின் சாரம். 1853-ல் செருப்புத் தைத்தலும் தையலும் தம் இல்லத்திலேயே தொடங்கின. 1862-க்குள் புத்தகம் கட்டுதல், தச்சு, அச்சு, இரும்புப் பட்டறை ஆகியவையும் சேர்ந்தன.

அவருடைய சலேசிய சபையார் 1906 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்து முதன்முதலாகப் பணி தொடங்கிய ஊர் நமக்கு அண்டையிலுள்ள தஞ்சாவூரே. அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்துக் கைத்தொழில் கற்பித்தனர். திருச்சியில் புனித சூசையப்பர் கைத்தொழிற் பள்ளியும் அதன் அச்சகமும் பேர்பெற்று விளங்கின. அச்சுக்கோப்பதும் கணக்கு வேலையே. பன்னிரண்டு புள்ளி ஒரு பைக்கா, ஏறத்தாழ ஆறு பைக்கா ஓர் அங்குலம் என்று அளந்தால்தான் பக்கம் நேராக நிற்கும்.

சுதந்திரத்திற்குப் பின் இப்பணியை அரசாங்கம் பெரிய அளவில் மேற்கொண்டது. 1950-ல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கியது. தொழிற்பயிற்சி நிலையங்கள் பெருகின. ஃபிட்டர், டர்னர், வெல்டர் பிரிவுகளில் சேர்ந்தவர்களுக்குச் செய்முறையோடு பட்டறைக் கணக்கும், வரைபடமும் பாடமாயின. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. 1958 அக்டோபர் முதல் கிலோவும் மீட்டரும் படிப்படியாக வந்தன. தூரின் நகரத் தொழிலாளர் நூறாண்டுக்கு முன் சந்தித்த அதே மாற்றத்தை நம் தந்தையரும் சந்தித்தனர். 1961-ஆம் ஆண்டின் பயிற்சியாளர் சட்டம், பழகுநருக்கும் நிறுவனத்துக்கும் எழுத்து ஒப்பந்தமும் உதவித்தொகையும் வேண்டும் என்று விதித்தது.

பட்டறைக் கணக்கு எதற்கு உதவும் என்று பிள்ளைகள் கேட்கலாம். ஓர் உதாரணம் காண்போம். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புத் தண்டை நிமிடத்துக்கு 30 மீட்டர் வெட்டு வேகத்தில் கடைய வேண்டும். தண்டின் சுற்றளவு ஏறக்குறைய 157 மில்லிமீட்டர். 30 மீட்டரை அதனால் வகுத்தால் நிமிடத்துக்கு 191 சுற்று வருகிறது. டர்னர் அதற்கு நெருங்கிய வேகத்தை லேத்தில் வைக்கிறார். கணக்குப் போடாமல் வேகத்தைக் கூட்டினால் வெட்டும் உளி சூடேறி மழுங்கும். மிகக் குறைத்தால் பொழுது வீணாகும். பள்ளியில் வெறுத்த வட்டத்தின் சுற்றளவு இங்கே சோறு போடுகிறது! கொத்தனார் மூலைமட்டம் பார்க்க மூன்றடி, நான்கடி, ஐந்தடி என்று நூல் பிடிப்பதும் பிதாகரஸ் கணக்கேயன்றி வேறென்ன?

1965-ல் திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை எழுந்தது. 1975-ல் அங்கு வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் அமைந்தது. இத்தகைய ஆலைகளில் பற்றவைப்பவரின் கைநடுக்கமின்மை ஒரு தகுதி. வரைபடத்தைப் படித்து, மின்னோட்டத்தையும் தகட்டுக் கனத்தையும் கணித்துக்கொள்வது மற்றொரு தகுதி. இன்றோ கணினி இயக்கும் லேத்துகள் சிற்றாலைகளுக்கும் வந்துவிட்டன. தசமப் புள்ளி ஓரிடம் தவறினால் ஒரு நொடியில் பொருள் கழிவாகிவிடும். இயந்திரம் வளர வளரக் கணக்கின் தேவை கூடியிருக்கிறது.

பெற்றோரே! 'கணக்கு வராத பையன், ஏதாவது தொழிலுக்குப் போகட்டும்' என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. இவ்வரலாறு அதற்கு மாறாகப் பேசுகிறது. தொழிலுக்குப் போகும் பிள்ளைக்கே கணக்கு மிகவும் வேண்டும். எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ முடித்தவர்கள், ஆணாயினும் பெண்ணாயினும், பிரிவுக்கேற்பத் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர இன்றும் வழியுண்டு. நம்மில் பட்டறைகளிலும் ஆலைகளிலும் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர்கள், வாரத்தில் ஒரு மாலை இப்பிள்ளைகளுக்கு அளவுகோல் பிடிக்கவும் வரைபடம் படிக்கவும் சொல்லிக்கொடுத்தால், அது இந்த யூபிலிக்கு நாம் செலுத்தும் நற்காணிக்கையாகும். கையும் கருத்தும் சேர்ந்து உழைக்கும் தலைமுறை நம் பங்கில் வளர, தச்சரான சூசையப்பர் நமக்காக மன்றாடுவாராக!