ருத்திராட்சப் பூனையும் பாசண்டமும்

பக்தி வேடம் போட்டு ஊரை ஏய்ப்பவனை நம் பக்கத்தில் ‘ருத்திராட்சப் பூனை’ என்பார்கள். மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையில் 7ஆம் நூற்றாண்டுச் சிற்பி இப்படியொரு பூனையைச் செதுக்கியிருக்கிறான். பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி, மேலே நிற்கும் தவசியைப் போலவே நிற்கிறது, அருகில் எலிகள். கங்கைக் கரையில் தவமிருந்த பூனையை நம்பிய எலிகள் நாளுக்கு நாள் குறைந்துபோன கதை மகாபாரதத்தில், உத்தியோக பருவத்தில் வருகிறது. அதைச் சொல்லி அனுப்புகிறவன் துரியோதனன், வசை தருமருக்கு! போலி என்ற பட்டத்தைச் சூட்டுவது யார் என்பதையும் பார்க்கத்தான் வேண்டும்.

இந்தியில் இந்தப் போலி பக்திக்குச் சொல் ‘பாகண்ட்’. வடமொழிப் ‘பாஷண்ட’த்திலிருந்து வந்தது. ஆனால் கி.மு. 3ஆம் நூற்றாண்டில், 12ஆம் பாறைக் கல்வெட்டில், எல்லாப் பாசண்டங்களையும் மதிப்பதாக அசோகர் அறிவிக்கிறார். அங்கே அது சமயப் பிரிவு, அவ்வளவுதான். கலிங்கத்துக் காரவேலனும் ஹாதிகும்பாக் கல்வெட்டில் அதையே தன் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான். மனு நூலில் கதை தலைகீழ். வாய்ச்சொல்லாலும் உபசரிக்கக் கூடாதவர்களென்று பாஷண்டிகளையும் பூனை விரதக்காரரையும் கொக்கு நடத்தையாரையும் ஒரே சுலோகம் அடுக்குகிறது. வேதத்தை ஏற்காதவனும் வேடதாரியும் அங்கே ஒரே பந்தியில் உட்கார்த்தப்பட்டார்கள். இது சொல்லுக்கு நேர்ந்த அநியாயம் என்றே நினைக்கிறேன்.

சிலப்பதிகாரம் இந்தச் சொல்லைக் கும்பிடும் இடத்தில் வைத்திருக்கிறது. புகாரில் பாசண்டச் சாத்தனுக்குக் கோயில் உண்டு. தான் ஊட்டிய பால் விக்கி மாற்றாள் குழந்தை இறந்துவிட, பழிக்கு அஞ்சிய மாலதி என்ற பெண் கோயில் கோயிலாக அலைந்து கடைசியில் அங்கேதான் வந்து விழுகிறாள். அவளுக்காகச் சாத்தனே குழந்தையாகி வளர்கிறான். கண்ணகியின் தோழி தேவந்தியை மணக்கிறான். 96 வகைச் சமய நூல்களிலும் வல்லவன் என்பதால் அந்தப் பெயர் என்பது பழைய உரை.

போலித் தவத்துக்கு வள்ளுவர் வைத்த பெயர் ‘கூடாவொழுக்கம்’. புலித்தோல் போர்த்து மேயும் பசு அந்த அதிகாரத்தில்தான் வருகிறது. பழி நடத்தைக்கே, தோற்றத்தைக் கொண்டோ கொள்கையைக் கொண்டோ அவர் யாரையும் ஒதுக்கவில்லை.

விருத்தாசலம் வட்டாரம் அடங்கிய நடுநாட்டில் போலி வேடத்துக்குப் பெரிய சாட்சி திருக்கோவலூர். அங்கே அரசாண்ட மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், உடலெங்கும் நீறு பூசி, சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்து அரண்மனைக்குள் போகிறான். ஆகமம் கேட்கத் தரையில் அமர்ந்து வணங்கிய அரசரைக் குத்துகிறான். காவலன் தத்தன் வாளை ஓங்க, அரசர் தடுக்கிறார். வந்தவன் பூசியிருந்த நீறு அவருக்கு அப்போதும் நீறுதான். ஊர் திரண்டு வழிமறித்தது. தத்தன் அரசாணையைச் சொல்லிக் கூட்டத்தை விலக்கி, முத்தநாதனை எல்லை கடத்திவிட்டுத் திரும்பினான். அந்தச் செய்தியைக் கேட்கும்வரை நாயனார் உயிரைப் பிடித்துவைத்திருந்தார் என்கிறது பெரியபுராணம்.