பதிவேட்டின் கண்ணில் படாத அடமானங்கள்

வீட்டையோ நிலத்தையோ ஈடாகப் பெற்றுக் கடன் கொடுப்பவர் முதலில் கேட்பது ஈசி எனப்படும் வில்லங்கச் சான்று. முப்பது ஆண்டுக்கு ஈசி போட்டுப் பார்த்துவிட்டால், சொத்தின் மேல் வேறு கடன் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும் என்று எல்லோரும் நம்புகிறோம். தெரியாமல் போய்ப் பின்னால் சிக்கல் வந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தின் மேல் பழி விழுகிறது. அங்கே தவறு நடந்ததே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பதிவுச் சட்டத்தின் வரலாற்றைத் தொடர்ந்து படித்தால் ஒன்று விளங்கும்: தேடுபவரை ஏமாற்றிய பெரிய ஓட்டைகளை, யாரோ ஒருவருடைய வசதிக்காகச் சட்டமே தெரிந்து திறந்து வைத்திருக்கிறது. அவற்றை அடைக்க ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. வேலை இன்னும் முடியவில்லை.

சென்னை மாகாணத்தில் பத்திரங்களைப் பதிய 1802-லேயே 17-ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அது விருப்பப் பதிவு. கட்டாயப் பதிவு 1864-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்கி, பலமுறை திருத்தி எழுதப்பட்டு, இன்று நடப்பில் உள்ள 1908-ஆம் ஆண்டுச் சட்டமாக நிலைபெற்றது. கட்டாயம் என்றாலும் நூறு ரூபாய் என்று ஓர் எல்லை இருந்தது. அன்றைய சிறு விவசாயிக்கு நூறு ரூபாய் பெரிய தொகை. அவனுடைய கடன்களில் எத்தனையோ பதிவேட்டை எட்டாமலே போக அந்த எல்லை வழிவிட்டது.

அதைவிடப் பெரிய ஓட்டை நகரத்து வணிகர்களுக்காக விடப்பட்டது. பத்திரம் எதுவும் எழுதாமல், நிலத்தின் மூலப் பத்திரங்களைக் கடன் கொடுப்பவரிடம் ஒப்படைத்தாலே அது ஈடாகும் என்பது இங்கிலாந்து வழக்கம். சென்னையிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வர்தன் சேத் சாம் வழக்கில், இந்தியாவிலும் அது செல்லும் என்று 1862-இல் தீர்ப்பானது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் இந்த உரிமையைக் கல்கத்தா, சென்னை, பம்பாய், ரங்கூன் போன்ற துறைமுக நகரங்களுக்கு விட்டுவைத்தது. ஒப்படைப்புதான் அந்த நகரத்தில் நடக்க வேண்டும். நிலம் எங்கே இருந்தாலும் சரி. தஞ்சாவூர் நஞ்சையின் பத்திரத்தைச் சென்னையில் ஒருவரிடம் கொடுத்துப் பணம் வாங்கினால், தஞ்சாவூர்ப் பதிவேட்டில் ஒரு வரிகூட ஏறாது. 1929-இல் வந்த திருத்தம் இன்னும் ஒருபடி மேலே போனது: இப்படிப் பதியாமல் நிற்கும் முந்தைய ஈடு, பிறகு முறைப்படி எழுதிப் பதிந்த அடமானத்தையும் வெல்லும் என்றது. ஒப்படைப்பைப் பற்றி எழுதும் குறிப்பே பேரத்தின் ஆவணமாக இருந்தால் அதைப் பதிந்தே தீரவேண்டும் என்று பர்மாவிலிருந்து வந்த சுப்பிரமணியன் – லட்சுமணன் வழக்கில் 1923-இல் பிரிவி கவுன்சில் சொன்னது. வங்கிகள் அதற்கும் வழி கண்டன. இன்று பத்திரத்தை வாங்கிக்கொண்டு, ‘நேற்று ஒப்படைக்கப்பட்டது’ என்று மறுநாள் குறிப்பு எழுதினால், அது நடந்து முடிந்ததன் நினைவுக் குறிப்பு மட்டுமே, பதிவு தேவையில்லை என்று ஆனது.

காலத்திலும் இடத்திலும் விடப்பட்ட சலுகைகள் இதற்குக் குறைந்தவை அல்ல. எழுதிய பத்திரத்தைப் பதிவுக்குக் கொண்டுவர நான்கு மாதம் அவகாசம். தாமதத்துக்குக் காரணம் காட்டி அபராதம் கட்டினால் மேலும் நான்கு மாதம். பதிந்ததும் அது எழுதிய நாளிலிருந்தே செல்லும். தை மாதம் எழுதிய அடமானம் சித்திரையில் பதிவுக்கு வந்தாலும், மாசியில் ஈசி பார்த்துக் கையோடு பதிந்தவரை முந்திவிடும். மாசியில் பார்த்த சான்றில் பிழையே இல்லை. அது காட்டியிருக்கக்கூடிய செய்தி அப்போது எங்குமே இல்லை. அடுத்தது இடம். சொத்தின் ஒரு பகுதி எந்த அலுவலக எல்லையில் இருந்தாலும் முழுச் சொத்தையும் அங்கே பதியலாம் என்ற விதியால், தொலைவில் உள்ள துண்டு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும் தந்திரம் வளர்ந்தது. கல்கத்தாவில் இல்லவே இல்லாத ஒரு சொத்தைப் பத்திரத்தில் சேர்த்து அங்கே பதிந்ததை 1914-இல் ஹரேந்திரலால் ராய் சௌத்ரி வழக்கில் பிரிவி கவுன்சில் செல்லாது என்றது. மாகாணத் தலைநகரப் பதிவாளர்கள் வெளியூர்ச் சொத்தையும் பதியலாம் என்ற விதி 2001-இல்தான் நீக்கப்பட்டது. அதுவரை, ஓர் அலுவலகம் மற்றொன்றுக்கு அனுப்பும் குறிப்பு போய்ச் சேர்ந்து, அட்டவணையில் ஏறினால்தான் அங்கே தேடுபவருக்குத் தெரியும்.

அட்டவணைதான் தேடலின் உயிர். பதிவேட்டை யாரும் பக்கம் பக்கமாகப் படிப்பதில்லை. ஆள் பெயருக்கு ஓர் அட்டவணை, சொத்து விவரத்துக்கு ஓர் அட்டவணை என்று பதிவுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு வகுத்த இரண்டின் வழியாகத்தான் நுழைகிறார்கள். ஒரே கிராமத்தில் ஐந்து முத்துசாமிகள். தலைப்பெழுத்து ஒரு பத்திரத்தில் உண்டு, அடுத்ததில் இல்லை. 112 என்ற சர்வே எண் உட்பிரிவாகி 112/3 ஆகிவிட்டது. பத்திரம் பிழையின்றி இருந்தும் தேடல் வெறுங்கையோடு திரும்ப இவை போதும். பதிந்தாலே ஊருக்கெல்லாம் அறிவித்ததாகுமா என்று உயர் நீதிமன்றங்கள் நெடுங்காலம் முரண்பட்டன. ஆகும் என்று 1929-ஆம் ஆண்டுத் திருத்தம் முடிவு சொன்னது; ஆனால் விவரங்கள் அட்டவணையில் சரியாக ஏறியிருந்தால் மட்டும் என்று நிபந்தனையும் வைத்தது. எழுத்தரின் பிழைக்கு, பதிந்தவரே நட்டப்படக்கூடும் என்பது இதன் பொருள். கடுமையான விதிதான். எனினும் இதை நியாயம் என்றே கருதுகிறேன். பதிந்தவர் தன் சொத்துக்கு அன்றே ஈசி போட்டு, தன் பத்திரம் அதில் வருகிறதா என்று பார்க்க முடியும். பின்னால் வரும் அந்நியருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

பத்திர ஒப்படைப்பு வணிகத்துக்குத் தேவைப்பட்ட வேகத்தைத் தந்தது என்று அதன் தரப்பில் வாதிடுவார்கள். காலையில் கேட்டவருக்கு மாலையில் பணம் கிடைத்தது. முத்திரைச் செலவு குறைந்தது. கடன் வாங்கிய செய்தி கடைத்தெருவுக்குப் போகவில்லை. மூலப் பத்திரம் கையில் இல்லை என்றாலே அடுத்தவர் உஷாராக வேண்டாமா என்றும் கேட்பார்கள். ஆனால் பாகப்பிரிவினையில் பத்திரம் அண்ணனிடம் இருப்பதும், தொலைந்தது என்று சொல்லிச் சான்றிட்ட நகல் வாங்குவதும் அன்றாடம் நடப்பவை. பத்திரம் இல்லாததே எச்சரிக்கை என்றால் நாணயமானவர்களுக்கும் கடன் கிடைக்காது. வேகத்துக்கு மறைவு தேவையில்லை என்பதையும் வரலாறு காட்டிவிட்டது. வங்கிகளின் ஈடுகளுக்கு மத்தியப் பதிவகமான செர்சாய் 2011 மார்ச் 31-இல் செயல்படத் தொடங்கியது. ஒப்படைப்பு அப்படியே நடக்கிறது. சுருக்கமான அறிவிப்பு மட்டும் அங்கே ஏறுகிறது. ஒப்படைப்பு குறித்த ஒப்பந்தத்தைப் பதிந்தே ஆகவேண்டும் என்று தமிழ்நாடு 2012-இல் சட்டம் திருத்தியது. எதுவும் எழுதாமல் தனியாரிடம் பத்திரத்தைக் கொடுப்பது இன்றும் அந்த வலைக்கு வெளியேதான் நிற்கிறது.

கணினி வந்த பிறகு இதெல்லாம் பழங்கதை என்பார்கள். தமிழ்நாட்டில் பதிவுப் பணியைக் கணினிக்கு மாற்ற 2000-இல் தொடங்கிய ‘ஸ்டார்’ திட்டம் நாள்கணக்கில் ஆன வேலையை நிமிடங்களுக்குக் கொண்டுவந்தது. அது பெரிய நன்மை. ஆனால் கணினி அட்டவணையைத்தான் தேடுகிறது. பழைய அட்டவணையின் பிழை அதனுள்ளும் இருக்கும். மேலும் புதிய திருத்தங்கள் எல்லாம் கடனைப் பதிவேட்டில் ஏற்றுவதிலேயே குறியாக இருந்தன. இறக்குவதை யாரும் அவ்வளவாக நினைக்கவில்லை. கடைசித் தவணையைக் கட்டிப் பத்திரத்தைத் திரும்ப வாங்கியவர், ரசீது ஆவணம் எழுதிப் பதியாவிட்டால், அடைந்த கடன் ஈசியில் வில்லங்கமாகவே நிற்கும். சொத்தை விற்கப் போகும்போதுதான் அது தடையாக எழும். அதற்குள் வங்கிக் கிளை மாறியிருக்கும், கோப்பு தேட வேண்டியிருக்கும். ஒப்படைப்பின் சலுகையை இத்தனை காலம் அனுபவித்தவர் கடன் கொடுத்தவர்தான். பணம் கைக்கு வந்ததும் குறித்த நாட்களுக்குள் தன் செலவில் அந்த ரசீதைப் பதிவது அவர் கடமை என்று சட்டம் விதிக்க வேண்டும்.