கொசு விரட்டி ஆடை

சட்டை, கால்சட்டை, காலுறை, தொப்பி, போர்வை எனப் பூச்சிமருந்து ஊட்டிய துணிகள் எல்லாம் கொசு விரட்டி ஆடைகளே. இன்று இவற்றில் ஏற்றப்படும் மருந்து பெரும்பாலும் பெர்மெத்ரின். உடம்பில் பூசிக்கொள்ளும் டீட் களிம்பு, கொசு நெருங்கும்போதே அதன் மோப்பத்தைக் குலைத்துவிடும். பெர்மெத்ரினின் வேலை தொட்ட பிறகுதான் தொடங்குகிறது. கொசுவின் கால் துணியில் பட்டதும் அதன் நரம்புகளில் உள்ள சோடியம் வாயில்கள் மூட முடியாமல் திறந்தே கிடக்கின்றன. தடுமாறும் கொசு கடிக்காமல் பறந்துவிடும், அல்லது கீழே விழும்.

இந்த ஆடை போர்க்களத்தில் பிறந்தது. அதுவும் கொசுவுக்காக அல்ல. இரண்டாம் உலகப் போரில் நியூகினிக் காடுகளில் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் படைவீரர்களைச் சாய்த்தது. அதைப் பரப்பும் நுண்ணிய சிற்றுண்ணிகளைத் தடுக்க ஆஸ்திரேலியப் படையினர் சீருடைகளில் டைபியூட்டைல் தாலேட் என்ற ரசாயனத்தைத் தேய்த்துக்கொண்டார்கள். பின்னாளில் அமெரிக்க ராணுவம் நான்கு ரசாயனங்களைக் கலந்து ‘எம்-1960’ என்ற கலவையைக் கொண்டுவந்தது. பூச்சிகள் அண்டவில்லைதான். ஆனால் நெடியும் தோல் எரிச்சலும் வீரர்களுக்குப் பொறுக்கவில்லை. உடுத்துகிறவன் வெறுக்கும் உடை எத்தனை வலிய மருந்தைச் சுமந்தாலும் பெட்டியில்தான் கிடக்கும்.

தீர்வு ஒரு பூவிலிருந்து வந்தது. ஏட்ரியாட்டிக் கரையிலுள்ள டால்மேஷியாவில் விளையும், சாமந்திக்கு உறவான பைரெத்ரம் பூவின் பொடி 19ஆம் நூற்றாண்டிலேயே பூச்சிமருந்தாக விற்பனையானது. 1930களின் இறுதியில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பால் ரஸ்ஸல், பட்டுக்கோட்டை வட்டாரக் கிராமங்களில் வீட்டுக்குள் பைரெத்ரம் தெளித்து மலேரியாவைக் குறைக்க முடியுமா என்று ஆராய்ந்தார். பூச்சாற்றுக்கு ஒரு பலவீனம் உண்டு: வெயில் பட்டால் சிதைந்துவிடும். நாளெல்லாம் வெயிலில் நிற்பவனின் சட்டைக்கு அது உதவாது. 1973இல் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட்டின் குழு, பூவின் மூலக்கூறைப் பின்பற்றி, வெளிச்சத்தைத் தாங்கும் பெர்மெத்ரினை அறிவித்தது. நெடியில்லை, கறையில்லை, துணியை விடாமல் பற்றிக்கொள்ளும். அமெரிக்க ராணுவம் 1990களின் தொடக்கத்தில் இதைச் சீருடைகளில் ஏற்றத் தொடங்கியது.

பலன் எவ்வளவு? 1980களில் அலாஸ்காவில் நடந்த சோதனை இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. பாதுகாப்பின்றி நின்றவர்களுக்கு மணிக்குச் சராசரியாக 1,188 கடி விழுந்தது. பெர்மெத்ரின் சீருடையும் டீட்டும் சேர்ந்தவர்களுக்கு மணிக்கு ஒரே ஒரு கடி. கடி குறைந்தால் நோயும் குறைய வேண்டுமல்லவா? 1995இல் வெளியான கொலம்பிய ஆய்வில் மருந்தேற்றிய சீருடை அணிந்த 86 வீரர்களில் 3 பேருக்கும், சாதாரணச் சீருடை அணிந்த 86 பேரில் 12 பேருக்கும் மலேரியா வந்தது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, வடகிழக்குத் தாய்லாந்துப் படையினரிடம் நடந்த ஆய்வு இத்தகைய பலன் எதையும் காட்டவில்லை.

ராணுவத்துக்கு வெளியே நடந்தவற்றில் சுவையானது, 1999இல் வெளியான பாகிஸ்தான் ஆய்வு. வடமேற்கில் ஆப்கன் அகதிகள் முகாம் ஒன்றில், பகலில் போர்த்தி இரவில் மூடிக்கொண்டு தூங்கும் சாதர்களுக்கும் மேல்விரிப்புகளுக்கும் மருந்து ஏற்றினார்கள். புது ஆடை தைக்கவில்லை, யாரும் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை. 10 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் மலேரியா வரும் வாய்ப்பு 64 சதவீதம் குறைந்தது. 20 வயதைத் தாண்டியவர்களிடம் குறிப்பிடத்தக்க பலன் இல்லை.

டெங்கு விஷயத்தில் கணக்கு தவறியது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. குழந்தைகள் பகலெல்லாம் பள்ளியில் இருப்பவர்கள். ஆகவே பள்ளிச் சீருடைக்கு மருந்தேற்றினால் டெங்கு குறையும் என்று தோன்றியது. தாய்லாந்தின் சாச்செங்சாவ் மாகாணத்தில் 10 பள்ளிகளின் 1,811 மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். முதல் மாதம் வகுப்பறைகளில் ஏடிஸ் கொசு குறைந்ததே தவிர, டெங்கு குறையவில்லை. துவைக்கத் துவைக்க மருந்தின் வீரியம் வேகமாகக் குறைந்துபோயிருந்தது. தினமும் துவைக்கிற வெப்பநாட்டு வீடுகளில் இது எதிர்பார்க்க வேண்டிய முடிவுதான்.

தொழிற்சாலையில் ஏற்றும் மருந்து 70 சலவை வரை நிற்கும் என்று அமெரிக்க நிறுவனங்கள் லேபிளில் குறிப்பிடுகின்றன; வீட்டில் தெளித்துக்கொள்வது ஏறக்குறைய 6 சலவைதான். தோல் வழியாக உடலுக்குள் புகும் அளவு மிகக் குறைவு. ஆனால் ஈரமான பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. மீனுக்கும் தேனீக்கும் அப்படியே. மருந்தே இல்லாத வழியும் தேடப்படுகிறது. 2021இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கொசுவின் ஊசிவாய் நுழைய முடியாதபடி இழைகளின் இடைவெளியையும் தடிமனையும் கணக்கிட்டு உள்ளாடை நெய்தார்கள். முதல் சோதனையில் சில கடி விழுந்தாலும், தோள்பகுதித் துணியை இரட்டை அடுக்காக்கிய பிறகு, அதை அணிந்து 200 கொசுக்களுக்கு நடுவே இருந்தவருக்கு ஒரு கடிகூட விழவில்லை.

ஆக, காட்டில் வேலை செய்பவருக்கும் ராணுவத்தினருக்கும் அகதி முகாம்களுக்கும் மருந்தேற்றிய ஆடை உருப்படியான காப்பு. நகரத்து டெங்குவுக்கு இதை மட்டும் நம்ப முடியாது. துணி மூடாத கணுக்காலுக்கும் கழுத்துக்கும் களிம்பு வேண்டும்; வீட்டைச் சுற்றித் தேங்கிய தண்ணீரையும் கொட்டிவிட வேண்டும்.