விதை பதித்த தோல்

ஆங்கிலத்தில் 'ஷாக்ரின்' என்றால், நினைத்தது கைகூடாமல் நாலு பேர் முன்னால் முகம் சுருங்கும்போது பொங்கும் எரிச்சல். 'ஷக்ரீன்' என்றால் சொரசொரப்பான ஒரு தோல். பிரெஞ்சில் இரண்டுக்கும் ஒரே சொல். தோல் பதனிடும் தொழிலில் வளர்ந்த எனக்கு அந்தத் தோலின் மேல்தான் தீராத மதிப்பு.

அதன் பெயர் துருக்கிய மொழியில் குதிரையின் பின்புறத்தைக் குறிப்பது. குதிரை, கழுதைகளின் உடம்பில் அந்த இடத்துத் தோல்தான் இதற்கு ஏற்றது. வாளுறைக்கும் பெட்டிகளுக்கும் அதைப் போர்த்தினார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்ரஷ்யாவில் பயணம் செய்த இயற்கையியலாளர் பல்லாஸ், அஸ்திரகானில் அது தயாரான விதத்தை எழுதிவைத்தார்.

ஊறவைத்து மயிர் நீக்கிய தோலைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவார்கள். ஈரம் காயுமுன் சக்கரவர்த்திக் கீரை இனத்துச் செடியின் கெட்டியான விதைகளைத் தூவி, மேலே கம்பளி போட்டு மிதிப்பார்கள். காய்ந்ததும் விதைகளை உதிர்த்தால் தோலெங்கும் குழிகள். பிறகு மேற்பரப்பைக் குழிகளின் ஆழம் வரை சீவிவிட்டு, மறுபடி நீரில் போடுவார்கள். விதை அழுத்திய இடங்களில் நெருங்கிக் கிடந்த நார்கள் நீரை உறிஞ்சி உப்பும். குழி இருந்த இடத்தில் மணி எழும்பும்! கடைசியில் நவச்சாரக் கரைசலும் செப்புத் தூளும் அதற்குப் பச்சை நிறம் கொடுக்கும்.

அதே நூற்றாண்டில் பாரிஸில் உறை செய்த கலூஷா, இயல்பிலேயே மணிகள் கொண்ட திருக்கை, சுறாத் தோல்களைத் தேய்த்து மெருகேற்றிப் புகழ்பெற்றார். பிரெஞ்சுக்காரர்கள் அவர் பெயரையே அந்தத் தோலுக்கு வைத்தார்கள். ஆங்கிலேயர் அதையும் ஷக்ரீன் என்றே அழைத்தார்கள்.

சொரசொரத்த தோல் உராய்வதுபோல மனத்தை உரசுவதால்தான் எரிச்சலுக்கு அந்தப் பெயர் வந்தது என்று பழைய அகராதிகள் விளக்கின. மனவருத்தச் சொல்லின் வேர் வேறு, துருக்கியப் பெயர்தான் அதன் சாயலுக்கு மாறியது என்பது பின்வந்த பிரெஞ்சு ஆய்வாளர்களின் கருத்து. 1831இல் பால்சாக் எழுதிய நாவலில், ஆசை நிறைவேற நிறைவேறச் சுருங்கும் மந்திரத் தோல் ஒன்று வருகிறது. அந்த நாவலின் தலைப்பு இரண்டு பொருளையும் சேர்த்தே சுமக்கிறது.

இன்று இயந்திரத் தகட்டை அழுத்தி நொடியில் புள்ளி பதிக்கிறோம். நாரின் இயல்பை அறிந்து, குழியையே மணியாக்கிய அஸ்திரகான் தொழிலாளிகளின் அறிவு அதைவிடப் பெரியது. தோல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் செய்முறையை ஒருமுறையாவது செய்துகாட்டிக் கற்றுக்கொடுங்கள்.